காலில் மட்டும் பெயிண்ட் கூடாது என்றவர்

என் மச்சான் கேப்டன் மைதீன் பிச்சை அவர்கள் காலமான செய்தி, பூனா நகரத்திலேயே நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒரு மனிதரின் கால்நடையாக எனக்கு வந்து சேர்ந்தது. பூனாவின் கேம்ப் பகுதியில் என் பெயிண்ட் கடைக்கு எதிரே ஓர் இரானி ஓட்டல். தெருவுக்கெல்லாம் டெலிபோன் அங்கே ஒன்றுதான். யாருக்குப் போன் வந்தாலும் அதன் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே கத்துவார். அந்தக் குரலுக்கு பம்பாய் வரைக்கும் டெலிபோன் தேவையில்லை. அன்று காலை அவரே எழுந்து தெருவைக் கடந்து வந்தார். தொப்பி கையில் இருந்தது. ஔந்த் பக்கம் பங்களா கட்டுகிற ஒருவருக்கு ஜன்னல் நீலம் கலந்துகொண்டிருந்தேன். "கப்தான் சாப்..." என்றார். கலக்கிய குச்சி டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பாயிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அமைதியான சாவு. எத்தனையோ முறை ஆகாயத்திலிருந்து இறங்கியவர் கடைசியில் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிவிட்டார். அடக்கத்துக்கு மையவாடி வரை வந்த கூட்டத்தைப் பார்த்து, ஏதோ ராஜா போகிறார் என்று டாங்காக்காரர்கள் தாமாகவே வண்டியை ஓரம் கட்டினார்கள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவன் என்பது பூனாத் தமிழர்களுக்கான இந்த மலரை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். இதில் கூட்டவில்லை. நாலைந்து டாங்கா நிச்சயமாக நின்றது.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு மாலையும் ஒரு இங்கிலீஷ் கடிதமும் வந்தன. பயிருக்கு மருந்தடிக்கும் விமானங்களை வைத்திருந்த அந்தக் கம்பெனியில்தான் மச்சான் பறந்தார். இறந்தவருக்கு மாலை போடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் மன்னித்துவிடலாம். கடிதத்தை மன்னிக்க முடியாது. "தரையிறங்கும்போது அவர் செய்த பிழையையும் மீறி, கேப்டன் ஒரு துணிவான விமானி" என்று மேனேஜர் எழுதியிருந்தார். செத்த வீட்டுக்கு அனுப்பிய ஆறுதலுக்குள்ளேயே அந்தப் பொய்யை மடித்து வைத்திருந்தார் மகானுபாவர்! பூனாவிலுள்ள பெயிண்ட் முழுவதையும் ஒரே டிரம்மில் ஊற்றி அவரை அதில் முக்கி எடுத்தாலும் என் ஆத்திரம் அடங்காது.

என் அக்கா, மச்சானுடைய மனைவி ஆமினா, கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"காதரு, ஊருல உள்ளவுக எல்லாரையும் பத்திக் கதை அளப்பியே. உங்க மச்சானைப் பத்தி ஒண்ணு எழுது."

"எழுதுதேன் லாத்தா."

"அளக்காம எழுது."

அது எனக்கு மூச்சு விடாமல் இரு என்று சொல்வது போல. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மற்ற எதில் வேண்டுமானாலும் கூட்டலாம். விமானத்தின் காலைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒரு பொட்டு கூடக் கூட்டக் கூடாது. அப்படியே எழுதியிருக்கிறேன்.

மச்சான் மேலப்பாளையத்துக்காரர். யுத்த காலத்தில் விமானத் தளத்தில் ஸ்பேனர் பிடித்து, பிறகு பிளையிங் கிளப்பில் பறக்கப் படித்து, ஐம்பதுகளின் நடுவில் பூனா வந்து சேர்ந்தவர். ஆறடிக்குக் குறையாத உயரம். மீசையின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம். அவர் ஓட்டிய விமானமோ, இரண்டு கயிற்றுக் கட்டிலை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி நடுவில் தையல் மெஷினைச் சொருகியது போலிருக்கும். முன்னால் மருந்துத் தொட்டி, பின்னால் மச்சான், கீழே முன்பக்கம் இரண்டு இரும்புக் கால்கள், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம். கரும்புத் தோட்டத்துக்கு மேலே ஆள் உயரத்தில் பறந்து மருந்தடிப்பார். கரும்பு வெட்டுகிறவர்கள் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

பெரிய விமானம் பம்பாயில் ஏறினால் டில்லியில் ஒரு தடவை இறங்கும். அதற்கு சிமெண்டுத் தரை, விளக்கு, வரவேற்க ஆட்கள். மருந்தடிக்கும் விமானத்துக்கு அந்த பாக்கியம் இல்லை. தொட்டி காலியாகும்போதெல்லாம் இறங்க வேண்டும். முருமண் என்கிற செம்மண் சரளை கொட்டிய திடலில், சில சமயம் ஆடு மேய்கிற மேட்டில், காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்கி ஏறி இறங்கி, அந்த இரண்டு கால்களும் படுகிற பாட்டை நம் முழங்கால் பட்டால் ஒரே வாரத்தில் படுத்துவிடுவோம்.

அதனால் மச்சானுக்குக் கால்தான் எல்லாம். காலையில் டீ குடிக்கும் முன்னால் கெரசின் துணியால் இரண்டு கால்களையும் நனைத்துத் துடைப்பார். பிறகு சாக்பீஸ் பொடியைப் பூசுவார். பூசிவிட்டு டீ குடிக்க உட்காருவார். இரும்பில் வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த கெரசின் டீ முடிவதற்குள் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு தெரிந்தால் அன்று பறக்க மாட்டார். கவர்னரே தோட்டத்தில் நின்றாலும் பறக்க மாட்டார். இந்த வித்தை நடக்க வேண்டுமானால் கால் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். அதனால் விமானத்தில் எங்கே வேண்டுமானாலும் பெயிண்ட் பூசலாம், காலில் மட்டும் கூடாது என்பது அவர் சட்டம்.

"ஏன் மச்சான், என் கடையில நல்ல கறுப்பு இருக்கு. துருப் பிடிக்காம ரெண்டு காலுக்கும் அடிச்சு விடவா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மாப்ளே, ரெக்கை போனா மேலேயே தெரியும், ஏதாவது செய்யலாம். கால் போனா கீழே வந்த பொறவுதான் தெரியும். தெரியும்போது செய்யதுக்கு நேரம் இருக்காது. ஒம்ம கறுப்பை ஒம்ம ஜன்னலுக்கு அடியும்."

சாகண் பக்கத்தில், உருளைக்கிழங்கும் வெங்காயமும் விளைகிற நிலத்தை ஒட்டி, கம்பெனிக்கு ஒரு திடல் இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஊர்த் தலைவரான ஒரு பாட்டீல். கறுத்துத் தடித்த மனிதர். அவர் சிரித்தால் பக்கத்து ஊர் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். மச்சானுடைய மராத்தி மேலப்பாளையத்தில் பிறந்தது, பாட்டீலுக்கோ தமிழில் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். முதல் வருஷமே போளா அன்று பாட்டீல் காவி மண்ணும் பிரஷ்ஷும் சாமந்தி மாலையுமாகத் திடலுக்கு வந்துவிட்டார். போளா என்றால் இந்தப் பக்கம் உழவு மாட்டுக்கு ஓய்வு நாள். அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, ஊர்வலம் விடுவார்கள், வேலை வாங்க மாட்டார்கள்.

"இதுவும் என் வயலில் வேலை செய்கிறது, கப்தான் சாஹேப். அப்படியானால் இதுவும் என் மாடுதான். இன்றைக்கு இதற்கு ஓய்வு" என்றார் பாட்டீல். மராத்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

மச்சான் அன்று பறக்கவில்லை. கம்பெனிக்கு இயந்திரக் கோளாறு என்று சொல்லியனுப்பினார். பாட்டீல் வீட்டார் இறக்கை நுனிக்கெல்லாம் காவி பூசினார்கள். பாட்டீலம்மா காலுக்கு வந்தபோது மச்சான் கையை நீட்டித் தடுத்தார்.

"அம்மா, இந்த மாட்டுக்குக் கொம்புல பூசுங்க. காலுல வேண்டாம். காலு அம்மணமாத்தான் இருக்கணும்."

அவர்கள் அதற்கப்புறம் ஒரு வருஷமும் காலைத் தொட்டதில்லை. எழுத்து வாசனை இல்லாத அந்தக் குடும்பத்துக்கு ஒரு தடவை சொன்னால் புரிந்தது. இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வந்த மேனேஜருக்குப் புரியவில்லை என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவருக்கும் புரிந்தது. புரிந்தும் செய்தார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அறுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு பெருநாளுக்கு மச்சான் இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். அதே சமயம் மருந்தடிப்பதைப் பார்க்க ஒரு பெரிய மனிதர் சாகணுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் கண்ணில் சாக்பீஸ் பூசிய கால் படலாமா? வெள்ளையடித்த மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறதாம். மேனேஜர் ஆள் வைத்து, மூக்கிலிருந்து வால் வரை, கால் உட்பட, வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டார். அந்தப் பெயிண்ட் என் கடையில் வாங்கியது அல்ல. அல்லாஹ் என்னைக் காப்பாற்றினான்.

பெருநாள் முடிந்து திரும்பிய மச்சான், கண்ணாடிக் கடை போல மின்னிய விமானத்தைப் பார்த்துவிட்டு நேரே காலடியில் உட்கார்ந்தார். பேனாக்கத்தியை எடுத்து வலது காலைச் சுரண்டத் தொடங்கினார். மேனேஜர் ஓடி வந்தார். பெரிய மனிதரின் கார் பூனாவிலிருந்து வரும் வழியில் போஸரியைத் தாண்டிவிட்டது.

"என்ன செய்கிறீர்கள், கேப்டன்!"

"காலைப் பாக்கேன்."

"நாளைக்குப் பாருங்கள்."

"நாளைக்குப் பறக்கச் சொல்லுங்க. பறக்கேன்."

"உங்களுக்கு முடியாதென்றால் பரவாயில்லை. நாக்பூரிலிருந்து வந்திருக்கும் புதுப் பைலட் ஓட்டட்டும்."

புதுப் பைலட் அந்தத் திடலில் ஒரு முறைகூட இறங்கியதில்லை. ஹெல்மெட்டை மாட்டத் தொடங்கிவிட்டார். மச்சான் அவரைப் பார்த்தார். அதுவரை வலது கால்தான் சுரண்டி முடிந்திருந்தது. அதில் வெடிப்பு இல்லை. இடது கால் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. கத்தியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார்.

நன்றாகப் பறந்தார். பெரிய மனிதர் கை தட்டினாராம். தொட்டியைக் காலி செய்துவிட்டு மச்சான் இறங்கினார். அந்த இறக்கத்தைப் பார்த்த பாட்டீல் இன்றைக்கும் சொல்லுவார்: "தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தார்." வலது சக்கரம் தொட்டது. இடது சக்கரம் தொட்டது. இடது கால் மடங்கி ஒடிந்தது. இறக்கை மண்ணைக் குத்தி, விமானம் பம்பரமாகச் சுற்றி, வெங்காய வயலில் கவிழ்ந்தது. பெரிய மனிதர் மச்சானுக்குப் போட வைத்திருந்த மாலையோடு காரில் ஏறிப் போய்விட்டார். பாட்டீல்தான் மச்சானை இழுத்து வெளியே போட்டார். விமானத்துக்கும் இடது கால், மச்சானுக்கும் இடது கால். தொடை எலும்பு இரண்டு துண்டு.

அன்று மதியமே நான் சாகண் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி லாரி விமானத்தை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அவசரத்தில் ஒடிந்த காலை வயலிலேயே விட்டுவிட்டார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். இனி எழுதுவதில் கூட்டல் கிடையாது, லாத்தா. ஒடிந்த இடத்தின் வெட்டுமுகத்தில் பாதி பளிச்சென்று புது இரும்பாக இருந்தது. மறு பாதியில் வெள்ளிப் பெயிண்ட் உள்ளே இறங்கி, காய்ந்து, தோல் கட்டியிருந்தது. இருபது வருஷமாகப் பெயிண்ட் விற்றுச் சோறு தின்கிறவன் நான். கவிழ்ந்த பிறகு யாரும் அதற்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. வெடிப்பு முன்பே, லீவுக்கு முந்திய கடைசி இறக்கத்தில் விழுந்திருக்க வேண்டும்; பெயிண்ட் அதற்குள் போயிருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு.

"பாட்டீல், இதைப் பத்திரமாக வைத்திருங்கள். கப்தான் சாஹேபுடைய மானம் இதில்தான் இருக்கிறது" என்றேன்.

"என் மாட்டுக்கொட்டகையில் இருக்கும். என் உயிர் மாதிரி" என்றார் பாட்டீல். சொன்னபடியே செய்தார். அதுதான் வினையாகிவிட்டது.

மச்சான் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"காற்று திடீரென்று அடித்தது, சமாளிப்பதில் ஒரு சின்னத் தவறு என்று சொல்லிவிடுங்கள், கேப்டன். எல்லோருக்கும் நல்லது."

"காத்து வந்து சாட்சி சொல்லாதுங்கிற தைரியமா உங்களுக்கு?" என்றார் மச்சான்.

ஆரஞ்சு அங்கேயே இருந்தது, மேனேஜர் இல்லை. விமானியின் பிழை, கவனக்குறைவாக வேகமாக இறக்கினார் என்று கம்பெனி எழுதி முடித்தது. மச்சான் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த வரியை அடிக்க வேண்டும். "நான் இனிப் பறக்க முடியாது மாப்ளே, அது சரி. ஆனா நான் இறக்கத் தெரியாதவன்னு ஒருத்தன் எழுதி வச்சிட்டுப் போறதா?" அவர் விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு விசாரணை அதிகாரி ஒடிந்த காலைப் பார்க்க ஒப்புக்கொண்டார்.

நான் வெற்றி முரசு கொட்டிக்கொண்டு சாகண் போனேன். போளாவுக்கு மறுநாள் அது. கொட்டகைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு மாடுகளுக்கு நடுவே, மூன்றாவது மாடாக, விமானத்தின் கால் நின்றது. அடி முதல் நுனி வரை காவி. அதன் மேல் கொம்புக்கு அடிக்கிற பச்சை, மஞ்சள். ஒடிந்த முகத்திலும் குழைத்துக் குழைத்துச் சிவப்பு. கழுத்தில் குஞ்சம், சாமந்தி, ஒரு சலங்கை.

பாட்டீலம்மா சந்தோஷம் பொங்கச் சொன்னார்: "இது உயிரோடு இருந்தபோது கப்தான் சாஹேப் காலைத் தொட விடவில்லை. அடிபட்ட மாடு அல்லவா? இந்த வருஷம் நன்றாக அலங்காரம் செய்தோம்."

சலங்கையோடு அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

அதை அப்படியே அதிகாரி மேஜையில் வைத்தோம். மேனேஜர் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அதிகாரி சலங்கையைத் தட்டிப் பார்த்தார்.

"இது சாட்சியா, மாப்பிள்ளையா?" என்றார். "இத்தனை வர்ணத்தில் எது எப்போது பூசியது என்று யார் சொல்வது?"

"நான் சொல்லுகிறேன்! சிவப்புக்கு அடியில் வெள்ளி இருக்கிறது. ஒரு கண்ணாடிச் சில்லு கொடுங்கள், சுரண்டிக் காட்டுகிறேன்!"

"நீங்கள் அவருடைய மைத்துனர். பெயிண்ட் கடையும் வைத்திருக்கிறீர்கள்" என்றார் அதிகாரி. முடிந்தது விசாரணை. வரி அப்படியே நின்றது.

வெளியே வந்ததும் நான் குதித்த குதியில் குவார்ட்டர் கேட் சந்திப்பு வரை ஜன்னல்கள் ஆடின. "இப்பவே போய் அந்தப் பாட்டீல்ட்ட கேக்கேன் மச்சான்! என்ன காரியம் செஞ்சு வச்சிருக்காருன்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"

மச்சான் ஊன்றுகோலால் என் வழியை மறித்தார்.

"தெரிய வேண்டாம்."

"என்ன மச்சான் சொல்லுதிய?"

"என்னை அந்த வயல்லருந்து தோள்ல தூக்கினது யாரு? பிரியத்துல பூசினதை நாம போயி, உம்மாலதான் என் பேரு கெட்டதுன்னு சொன்னா, அந்த மனுசன் பொறவு ஒரு மாட்டையும் தொட மாட்டாரு. என் பேரு போனது வெள்ளிப் பெயிண்டுல. காவியில இல்ல. சண்டை போடணும்னா வெள்ளி பூசினவங்கிட்டப் போடும்." பிறகு அந்தக் காலைத் துணியில் சுற்றி, சலங்கை அவிழாமல், தாமே பாட்டீலிடம் திருப்பிக் கொடுத்தார். அதிகாரி என்ன சொன்னார் என்று பாட்டீல் கேட்டதற்கு, "ரொம்ப அழகா இருக்குன்னாரு" என்றார்.

அதன் பிறகு அவர் என் கடையில் உட்கார்ந்தார். பெயிண்டின் பரம விரோதியைப் பெயிண்ட் கடைக் கல்லாவில் உட்கார வைத்தவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாங்வியிலிருந்து ஒருவர் வாசல் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் கேட்டு வருவார். மச்சான் மீசையை நீவிக்கொண்டு கேட்பார்: "சுரண்டிப் பாத்தீங்களா? உள்ளே வெடிப்பு இருக்கா? முதல்ல சுரண்டுங்க, நாளைக்கு வாங்க." பாதிப் பேர் நாளைக்கு வரவே இல்லை. வந்த பாதிப் பேர் வேறு கடைக்குப் போக மாட்டோம் என்று இன்று வரை என்னை விடவில்லை. வருஷா வருஷம் மேனேஜருக்கு ஒரு மனுப் போடுவார்: வரியை அடியுங்கள். பதில் வராது. வந்த ஒரே பதில், அவர் இறந்த மூன்றாம் நாள் மாலையோடு வந்ததுதான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பாட்டீல் வந்தார். தோளில் சாக்குப் பொதி. முற்றத்தில் இறக்கிப் பிரித்தார். அதே கால். ஆனால் காவி இல்லை, பச்சை இல்லை, சலங்கை இல்லை. எருமுட்டைத் தீயில் காட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பாகக் கொண்டுவந்திருந்தார்.

"எஜமான் போய்விட்டார். இனி இதற்கு எந்தப் போளாவும் இல்லை" என்றார். சட்டைப்பையிலிருந்து கெரசின் நனைத்த துணியை எடுத்தார், ஒரு சாக்பீஸையும் எடுத்தார். "தினமும் காலையில் அவர் இப்படித்தானே செய்வார். கடைசித் தடவை நான் செய்கிறேன்."

துடைத்தார். பொடி பூசினார். வெள்ளையாக அது தரையில் கிடந்தது. அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். மச்சான் டீ குடிக்கிற மாதிரியே பாட்டீல் சம்மணமிட்டு உட்கார்ந்து குடித்தார். டம்ளரில் பாதி குறைந்திருக்கும்போது, ஒடிந்த வெடிப்பின் கிளை போல அதற்குச் சற்று மேலே, வெள்ளைப் பொடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எழுந்தது. முதலில் மயிரிழை. பிறகு பேனாவால் இழுத்தது போல, காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பறந்த அன்று விடிந்ததும் வெள்ளி மட்டும் இல்லாதிருந்தால் மச்சான் பார்த்திருக்க வேண்டிய கோடு. பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டார்.

பாட்டீல் குனிந்து பார்த்தார். "இது என்ன கோடு, காதர் பாய்?"

அக்கா என்னைப் பார்த்தார். பூனாவிலேயே பெரிய வாய் எனக்கு. அதற்குள் அத்தனையும் வந்து முட்டிக்கொண்டு நின்றன. கம்பெனி, மேனேஜர், அதிகாரி, காவி, எல்லாம். விழுங்கினேன்.

"கப்தான் சாஹேப் போட்ட கையெழுத்து, பாட்டீல்" என்றேன்.

பாட்டீல் அந்தக் கோட்டின் மேல் விரல் வைக்காமல், சற்று மேலே கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த இரும்புக் காலை என்னிடமே விட்டுவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவருக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். தெரிந்தவர்கள் சாகண் பக்கம் போனால் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். மேனேஜர் அவர்களுக்கு மட்டும் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கால் கேம்பில் என் கடைச் சுவரில், ஆயிரம் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே, வெறும் இரும்பாகத் தொங்குகிறது. மேனேஜர் அவர்களே, எப்போது வேண்டுமானாலும் வரலாம். கெரசின் என்னுடையது, சாக்பீஸ் என்னுடையது, டீ எதிரே இரானி ஓட்டலிலிருந்து வரும். குடித்து முடிப்பதற்குள் கோடு வரும். பார்த்துவிட்டு, அந்த வரியை உங்கள் கையாலேயே அடித்துவிட்டுப் போங்கள். அது வரை கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

மச்சான், காலைப் பாத்தாச்சு. சுரண்டிப் பாத்தாச்சு, துடைச்சுப் பாத்தாச்சு. நீங்க போயிருக்கிற இடத்துல வெள்ளி பூசுறவன் ஒருத்தனும் இருக்க மாட்டான். அவசரம் இல்ல. மெதுவா இறங்குங்க.